அரையாண்டு லீவில் ஒரு நாள் டிராமா: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, காலடிப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளை வருஷத்தில் ஒரு நாள், அரையாண்டுத் தேர்வு முடிந்த லீவில், ஒன்றாகக் கூட்டி நாடகம் செய்ய வைக்கிறோம். 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும். நாங்கள் ஒரு சின்ன நாடகக் குழு; எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. ஒவ்வொரு டிசம்பரிலும் வாட்ஸப்பில் அதே கேள்விகள் வருகின்றன. இந்த வருஷம் பதிலை எழுதியே வைத்துவிடுகிறேன்.

மக்கள் நாடகம் என்றால் என்ன? டிவியில் வருகிற நாடகம் மாதிரியா?

இல்லை. ஒரு பகுதியில் குடியிருப்பவர்களே, தங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதே பகுதிக்காரர்கள் முன்னால் நடித்துக் காட்டுவது. நடிக்கிறவர் பகலில் மெக்கானிக்காக இருப்பார், டெய்லராக இருப்பார். டிக்கெட் கிடையாது. பெரும்பாலும் மேடையும் கிடையாது. இதைச் சிலர் ‘சமூக நாடகம்’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயருக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது: புராண, சரித்திர நாடகங்களிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக, நிகழ்காலக் குடும்பக் கதைகளை அப்படி அழைத்தார்கள். குழப்பம் வேண்டாம் என்று நாங்கள் மக்கள் நாடகம் என்கிறோம். பிள்ளைகள் ‘டிராமா’ என்கிறார்கள். அதுவும் சரிதான்.

இதெல்லாம் மயிலாப்பூர், தி.நகர் சமாச்சாரம் ஆயிற்றே? நம்ம ஏரியாவுக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிப் போகிற வால்டாக்ஸ் சாலையில் ‘ஒற்றைவாடை’ என்று ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. பேர்பெற்ற நாடகக் கம்பெனிகள் அங்கே ஆடியிருக்கின்றன. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் நிற்கிறதே விக்டோரியா பப்ளிக் ஹால், பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், அங்கே சுகுண விலாச சபை நாடகங்கள் போட்டது. பம்மல் சம்பந்த முதலியார் தன் நண்பர்களோடு 1891-இல் தொடங்கிய சபை அது. அவர் வக்கீல், பிறகு நீதிபதியாகவும் இருந்தார். நாடகம் அவருக்குப் பிழைப்பு இல்லை. பகலில் வேறு வேலை, சாயங்காலம் ஒத்திகை. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். அவர்கள் படித்த, வசதியுள்ள வீட்டு ஆட்கள்; எங்கள் ஆட்கள் ஷிஃப்ட் முடித்து, டீயைக் குடித்துவிட்டு ஓடி வருகிறவர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிள்ளைகள் நடிப்பதும் புதுசு கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் நடித்தவர்கள் சிறுவர்கள். பின்னாளில் பேர்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தபோது உங்கள் பிள்ளைகளின் வயசுதான், அதற்கும் குறைவு. அந்த பாய்ஸ் கம்பெனிகளால் தமிழ் நாடகம் வளர்ந்தது உண்மை. வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டுக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போன பையன்களின் பாடு லேசானது இல்லை என்பதும் உண்மை. எங்களிடம் ஒரு நாள்தான். சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும்.

ஏன் மார்கழியில்? சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா என்ன?

குல்லா போடுகிற அளவுக்கு இல்லைதான். காலையில் 20, 21 டிகிரி, மத்தியானம் 29. ஆனால் மே மாசம் எங்கள் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், பிறகு இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள். டிசம்பர் கடைசியில் மழை அநேகமாக ஓய்ந்திருக்கும், பரீட்சை முடிந்திருக்கும், பிள்ளைகள் வீட்டில் போனை நோண்டிக்கொண்டு இருப்பார்கள்.

இன்னொரு காரணம் வெளிச்சம். அந்த நாட்களில் சூரியன் 5.50 வாக்கிலேயே மறைந்துவிடும். 5 மணிக்கு நாடகத்தைத் தொடங்கினால் நடுவில் பொழுது மங்கும், முடிவில் தெருவிளக்கு எரியும். வாடகை கொடுக்காமல் கிடைக்கிற லைட்டிங். கடைசிக் காட்சியில் எல்லோரும் சிலையாக நிற்கும்போது, யாரும் சொல்லி வைக்காமல், தெருவிளக்கு ‘படக்’கென்று எரிந்த வருஷம் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் தனியாகக் கைத்தட்டல்.

அப்புறம், மார்கழியில் தெரு முழுக்கக் கோலம். கோலத்தை மிதிக்காமல் நடப்பதுதான் தெருவில் நடிக்க வருகிற பிள்ளைக்கு முதல் பாடம். நடிக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதற்கும் எங்களுக்குக் கோலமாவுதான்.

ஏன் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை மட்டும்?

அதற்குக் கீழே உள்ளவர்கள் நாம் சொன்னதை அப்படியே செய்துவிடுகிறார்கள். மேலே உள்ளவர்களுக்கு டியூஷன், அதோடு யார் பார்க்கிறார்கள், முடி கலைந்திருக்கிறதா என்ற கவலை. நடுவில் இருக்கிறவர்கள் விளையாடவும் செய்வார்கள், ‘ஏன்ணா அப்பிடி?’ என்று சண்டைக்கும் வருவார்கள். நாடகத்துக்கு இரண்டும் வேண்டும்.

அன்றைக்கு என்னதான் நடக்கும்?

முதல் வருஷம் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். பிள்ளைகளை உட்கார வைத்து முக்கால் மணி நேர நாடகத்தைப் போட்டுக் காட்டினோம். சிரித்தார்கள், கை தட்டினார்கள், சமோசா சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாடகம் என்பது யாரோ நமக்குச் செய்து காட்டுவது என்றுதான் அன்றைக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த வருஷத்திலிருந்து தலைகீழாக்கிவிட்டோம். இப்போது நாங்கள் நடித்துக் காட்டுவதே இல்லை.

காலை 9 மணிக்குப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது எங்கள் பையை. பழைய வேட்டி ஒன்று, ஒரு துண்டு, இரண்டு தகரத் தட்டு, கயிறு, துடைப்பம், பிளாஸ்டிக் குடம். அவ்வளவுதான் எங்கள் சொத்து. வட்டமாக உட்கார்ந்து துண்டைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்புவோம். கையில் வந்ததும் அதைத் துண்டு தவிர வேறு ஏதாவதாக ஆக்க வேண்டும், வாயைத் திறக்காமல். முதல் நாலைந்து பேர் தலைப்பாகை கட்டுவார்கள், பாம்பாக ஆட்டுவார்கள். அதுவரை எங்களுக்குக் கொட்டாவி வரும். பிறகு ஒரு பெண் அதைச் சுருட்டி உச்சந்தலையில் வைத்துக் கழுத்தை நிமிர்த்துவாள். கூடைக்காரம்மாவின் சும்மாடு. போன தடவை காசிமேட்டுப் பையன் ஒருவன் துண்டின் ஒரு ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, வலது கையை உள்ளே விட்டு வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு உடனே பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த வாண்டுகள் கத்திவிட்டார்கள்: ‘வலை! வலை பின்றான்!’ ஏழாம் வகுப்புப் பையன். அவன் விரல் நின்ற விதத்தை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர முடியாது.

பிறகு குரல். மைக் கிடையாது என்பதால் கடைசி வரிசை ஆயாவுக்குக் கேட்கும்படி பேச வேண்டும். கத்தினால் பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டிவிடும். மீன் விற்கிற அக்கா காலை முழுக்கக் கூவுகிறாரே, அவர் தொண்டை ஏன் கட்டவில்லை? அடிவயிற்றில் கை வைத்துக் கூவிப் பார்க்கச் சொல்வோம். கால் மணி நேரத்துக்கு அக்கம்பக்கத்தார் எங்களைத் திட்டுவார்கள்.

11 மணிக்கு மேல் கதை. ‘போன வாரம் உனக்கு எப்போது கோபம் வந்தது?’ ஒரே கேள்விதான். ஆறு ஆறு பேராகப் பிரிந்து ஆளுக்கொரு கோபத்தைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதைக் காட்சியாக்குவது. 5 மணிக்குத் தெருவில்.

வசனம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். எழுதவே மாட்டோம்.

கதை எதைப் பற்றி இருக்கும்? பிளாஸ்டிக் ஒழிப்பு மாதிரி நல்ல கருத்தாகச் சொல்லலாமே?

பிளாஸ்டிக் ஒழிப்பில் எங்களுக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளையை நிற்க வைத்து ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று கோரஸாகக் கத்தவிட்டு முடிப்பதை நாடகம் என்று சொல்வதில்தான் மறுப்பு. அந்தக் கருத்து பெரியவர்களுடையது. பிள்ளை அதற்கு ஸ்பீக்கர் பெட்டி, அவ்வளவே.

அவர்களிடம் விட்டால் என்ன வரும்? தண்ணி லாரி வரும், கன்டெய்னர் லாரி வரும், அண்ணனுக்கு மட்டும் வாங்கின சைக்கிள் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததே, அதற்கு அடுத்த சில வாரங்கள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் விளையாட்டில்கூட அந்தக் கறுப்பு வந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவர்களே கொண்டுவந்தார்கள்.

எனக்கு மறக்காதது ரயில்வே கேட் நாடகம். கொருக்குப்பேட்டை கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று கூட்ஸ் வண்டிக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட் மூடினதால் பள்ளிக்கு லேட், லேட்டானதால் வெளியே நிற்பு. அதுதான் அந்த ஆறு பேரின் கோபம். இரண்டு பையன்கள் கயிற்றைப் பிடித்துக் கேட் ஆனார்கள். ஒருத்தி ஆட்டோ, ஒருவன் ஆம்புலன்ஸ், இன்னொருத்தி மீன்கூடை, ஒரு குட்டிப் பையன் கேட்கீப்பர். நாடகம் நடக்கும்போது உண்மையிலேயே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் கயிற்றுக்கு முன்னால் இறங்கி நின்றுவிட்டார். ‘கூட்ஸா, எலக்ட்ரிக்கா?’ என்று கேட்டார் பாருங்கள், தெருவே சிரித்தது.

பிறகு நாடகத்தை நிறுத்தி, பார்க்கிறவர்களில் யாராவது ஒரு ஆளின் இடத்தில் வந்து நின்று வேறு மாதிரி செய்து பாருங்கள் என்றோம். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வளர்த்தெடுத்த முறை இது. பார்க்கிறவர் பார்த்துவிட்டு மட்டும் போகக் கூடாது, உள்ளே வந்து மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஸ்கூல் டீச்சர் இடத்துக்கு யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒரு ஆயா எழுந்து வந்து கேட்கீப்பர் பையனை நகரச் சொன்னார். ‘எனக்கு இன்னா ஆசையா மூடி வைக்க? சிக்னல் வுட்டாத்தான நான் தொறப்பேன். நீ அஞ்சு நிமிசம் நிக்கிற, நான் பொழுதுக்கும் உன் திட்டு வாங்கினு நிக்கிறேன்.’ ஆறு பேரும் வாயடைத்து நின்றார்கள். காலையிலிருந்து அந்த ஆளுக்கும் ஒரு கோபம் இருக்கும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

என் பெண் ரொம்பக் கூச்சப்படுவாள். அனுப்பலாமா?

தாராளமாக. நடிக்கச் சொல்லி யாரையும் தள்ளுவதில்லை. ‘அட, சும்மா வா, வெக்கப்படாத’ என்று கையைப் பிடித்து இழுப்பது எங்கள் குழுவில் தடை.

தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு வேஷம் உள்ளே வருவதற்கு முன் இரண்டு பேர் திரையை விரித்துப் பிடித்து நிற்பார்கள். வேஷக்காரர் பின்னால் நின்று பாடுவார், ஆடுவார். கிரீடமும் காலும் மட்டும் தெரியும். திரை விலகும்போதுதான் முகம். அதையே நாங்கள் வேட்டியை வைத்துச் செய்கிறோம். ஒரு வருஷம் காலை முழுக்க ஒரு வார்த்தை பேசாத பெண் ஒருத்தி திரை பிடிக்க ஒத்துக்கொண்டாள். எப்போது விலக்குவது என்பது அவள் கையில். முதல் இரண்டு தடவை மற்றவர்கள் சொன்ன உடனே விலக்கினாள். சாயங்காலம் தெருவில், உள்ளே நிற்கிற ராஜா பையன் ‘எடு, எடு’ என்று கிசுகிசுக்கிறான். இவள் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘இரு’ என்றாள். கூட்டம் அடங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் பேசின ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். டைரக்டருக்கு வேறு என்ன வேலை?

பையன் ‘இன்னா, வூடு’ என்று பேசுகிறான். மேடையில் நல்ல தமிழில் பேச வைப்பீர்களா?

மாட்டோம். வீட்டில் பேசுகிற தமிழில் கோபப்படுகிற பிள்ளையை, புத்தகத் தமிழில் கோபப்படு என்றால் கோபம் போய்விடும், தமிழ் மட்டும் நிற்கும். கூத்தில் ராஜா செந்தமிழில் பாடுவார், கோமாளி வேஷமான கட்டியங்காரன் பக்கத்தில் நின்று நம் பாஷையில் அவரைக் கலாய்ப்பான். இரண்டுக்கும் இடம் உண்டு. நம் ஏரியாப் பேச்சைக் கேவலமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: ‘பேஜார்’, ‘கலீஜ்’ எல்லாம் உருது வழி வந்தவை. ‘கஸ்மாலம்’ சமஸ்கிருதம், பகவத் கீதையிலேயே இருக்கிற சொல். அதற்காகப் பிள்ளை அதை டீச்சரிடம் சொல்லலாம் என்று நான் சொல்லவில்லை.

உடம்பை, சாதியை, ஊனத்தை வைத்துக் கிண்டல் மட்டும் கிடையாது. அதைக் காலையிலேயே சொல்லிவிடுவோம். யாராவது மீறினால் காட்சியை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் வேறு என்ன சிரிப்பு வரும் என்று கேட்போம். பெரும்பாலும் அதைவிட நல்ல சிரிப்பு கிடைக்கும்.

தெருவில் நடிப்பது பாதுகாப்பா? அனுமதி வாங்குகிறீர்களா?

மாநகராட்சி விளையாட்டுத் திடல் என்றால் மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுக்கிறோம். காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம். மைக் வைத்தால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், நாங்கள் வைப்பதில்லை. வண்டி போகிற ரோட்டில் நடிப்பதில்லை, முட்டுச் சந்து அல்லது திடல்தான். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதில் பெண்கள் கட்டாயம். படம் எடுத்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கும் போட மாட்டோம்.

அரசியல் பேசுவீர்களா?

கட்சி பேச மாட்டோம். தண்ணி ஏன் வரவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் வாயைப் பொத்தவும் மாட்டோம்.

வீதி நாடகத்துக்கு இந்த நாட்டில் விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். டெல்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாதில் 1989 ஜனவரி 1 அன்று தொழிலாளர் குடியிருப்பில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். ஜனவரி 4-ஆம் தேதி அவர் மனைவியும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பப் போய் அந்த நாடகத்தை நடித்து முடித்தார்கள். அவர் பிறந்த நாளான ஏப்ரல் 12-ஐ வீதி நாடக தினமாகக் கொண்டாடுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதுண்டு. நீட்டி முழக்காமல், நடந்ததை மட்டும். ‘திரும்பப் போய் நடிச்சாங்களா?’ என்ற இடத்தில்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மழை வந்துவிட்டால்?

ஒரு வருஷம் 4.40-க்குப் பிடித்துக்கொண்டது. பக்கத்து ஹவுசிங் போர்டு பிளாக்கின் படிக்கட்டுக்குக் கீழே ஓடினோம். பிள்ளைகள் கீழ்த்தளத்தில் நடிக்க, குடியிருப்பவர்கள் படிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள், மேலே எட்டிப் பார்த்தவர்களுக்குப் பால்கனி டிக்கெட். அந்த எதிரொலியில் சின்னக் குரல்கூடக் கணீரென்று கேட்டது. அதற்கப்புறம் மழை இல்லாத வருஷத்திலும் ஒரு காட்சியை அங்கே போடுகிறோம். புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் பொங்கல் லீவுக்குத் தள்ளிவைப்போம்.

படிப்பு கெட்டுவிடாதா? சினிமாவில் சான்ஸ் கிடைக்குமா?

ஒரு நாளில் படிப்பு கெடாது. சான்ஸும் கிடைக்காது. சினிமாவில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் நேராகப் போலீஸுக்குப் போங்கள்.

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். வகுப்பிலேயே இதைச் செய்ய முடியுமா?

முடியும். ஒரு பீரியடில் துண்டு விளையாட்டு மட்டும் போதும். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிடுங்கள். மேடையில் ஏற்றாதீர்கள், ஏறினதும் எல்லோரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முக்கியமான பாத்திரத்தை முதல் ரேங்க் பிள்ளைக்குக் கொடுக்கிற பழக்கத்தை ஒரு தடவை விட்டுப் பாருங்கள். கடைசி பெஞ்சில் உங்களை மாதிரியே நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறானே ஒருவன், அவனைக் கூப்பிடுங்கள். பேசும்போது நடுவில் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள், முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்குத் தயார் செய்ய இது உதவுமா என்று கேட்கிறார்கள். உதவலாம். ஆனால் பரிசை மனசில் வைத்துத் தொடங்கினால் பிள்ளைகள் நடுவரைத்தான் பார்ப்பார்கள், எதிரில் நிற்கிற கூட்டாளியைப் பார்க்க மாட்டார்கள்.

எவ்வளவு பணம்? பிள்ளை என்ன கொண்டுவர வேண்டும்?

பணம் வேண்டாம். தட்டு, தண்ணீர் பாட்டில், கை கால் வீசி ஆட வசதியான துணி. பெண் பிள்ளைகளுக்குப் புதுப் பட்டுப்பாவாடை போட்டு அனுப்பாதீர்கள், நாள் முழுக்க அதைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும். மத்தியானம் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும், 4 மணிக்குச் சுண்டலும் சுக்குக் காபியும் எங்கள் பொறுப்பு. போன் வேண்டாம். வீட்டில் கிழிந்த துண்டு, உடைந்த குடை, ஓடாத கடிகாரம் இருந்தால் கொடுத்தனுப்புங்கள், எங்கள் பைக்கு ஆகும்.

6.30-க்கு வந்து கூட்டிப் போகலாம். 5 மணிக்கே வந்தால் நாடகமும் பார்க்கலாம். கூப்பிட்டால் எழுந்து வந்து நடிக்க வேண்டியிருக்கும், அதற்கும் தயாராக வாருங்கள்.